நிலத்தை விற்பதற்கு முன்: சரக்கு விமானி ஆக நினைக்கும் டெல்டாப் பிள்ளைகளுக்கு

நான் சரக்கு விமானி. சித்திரைக் கடைசியில் ஊருக்குப் போயிருந்தேன். நீடாமங்கலத்திலிருந்து ஒருவர் மகனையும் அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பையன் அப்போதுதான் பிளஸ் டூ தேர்வு எழுதி முடித்திருந்தான். திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, எட்டு மா நிலம் இருக்கிறது. விற்றால் போதுமா?"

என்ன படிக்க வேண்டும், எத்தனை வருடம் ஆகும் என்ற பேச்சே இல்லை. நேராக நிலத்துக்குப் போய்விட்டார்.

"நிலம் இருக்கட்டும் மாமா, முதலில் பையனை டாக்டரிடம் காட்டுங்கள்" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "ஏன், பையனுக்கு என்ன?" என்றார். அவனுக்கு ஒன்றுமில்லை. ஆனால் இந்தத் தொழிலில் வரிசை மாறினால் பணம் போய்விடும். அன்று திண்ணையில் இரண்டு மணி நேரம் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். மகளை அனுப்ப நினைப்பவர்களுக்கும் இதே வரிசைதான்.

தனி உரிமம் கிடையாது

சரக்கு விமானிக்கென்று தனியாக ஓர் உரிமம் இல்லை. கனரக வாகன உரிமம் வாங்கியவர் பஸ்ஸையும் ஓட்டலாம், நெல் லாரியையும் ஓட்டலாம் அல்லவா? அதுபோல, பயணிகளை ஏற்றிப் போகிறவருக்கும் பார்சல் ஏற்றிப் போகிறவருக்கும் ஒரே உரிமம்தான். அதன் பெயர் வணிக விமானி உரிமம், சுருக்கமாக சிபிஎல். இந்தியாவில் அதைக் கொடுப்பது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம். எல்லோரும் டிஜிசிஏ என்றுதான் சொல்வார்கள். ஆகவே "கார்கோ பைலட் சிறப்புப் பயிற்சி" என்று யாராவது துண்டுப் பிரசுரம் நீட்டினால் வாங்கி மடித்து வைத்துவிடுங்கள். சரக்குக்கென்று கற்க வேண்டியவை நிறைய உண்டு. அவை உரிமத்துக்குப் பிறகு, வேலையில் சேரும்போது நிறுவனமே கற்றுக்கொடுப்பவை.

பிளஸ் டூ குரூப்பும் இனிஷியலும்

பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்துத் தேறியிருக்க வேண்டும். நம் பள்ளிகளில் கணிதம்-உயிரியல் குரூப்பும் கணிதம்-கம்ப்யூட்டர் குரூப்பும் எடுத்தவர்களுக்குச் சிக்கல் இல்லை. தாவரவியல், விலங்கியல் என்று தனித்தனியாகப் படித்தவர்களுக்குக் கணிதம் இருக்காது. வணிகவியல் எடுத்தவர்களுக்கு இரண்டுமே இருக்காது. அவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் விடுபட்ட பாடங்களை மட்டும் எழுதித் தேறலாம். பட்டம் முடித்த பிறகு இப்படி எழுதி வந்தவர்களும் இருக்கிறார்கள். பட்டப்படிப்பு கட்டாயமில்லை. பயிற்சிக்கான மாணவர் உரிமம் 16 வயதில் கிடைக்கும். சிபிஎல்லுக்கு 18 நிறைந்திருக்க வேண்டும்.

இதைவிட அதிகம் பேரைத் தடுக்கி விழச் செய்வது பெயர். மதிப்பெண் பட்டியலில் ஓர் எழுத்து இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, பாஸ்போர்ட்டில் அப்பா பெயரே குடும்பப் பெயராக என்று நம் பிள்ளைகள் ஒருவரே மூன்று பேராக இருப்பார்கள். டிஜிசிஏ தேர்வு எழுத 'கம்ப்யூட்டர் எண்' என்ற பதிவெண் வேண்டும். அதற்கு மதிப்பெண் சான்றிதழ் உண்மையானதுதான் என்று தேர்வுத் துறையின் உறுதிச் சான்றும் கேட்பார்கள். எல்லாத் தாள்களிலும் பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர் மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். எனக்கு இதைச் சரிசெய்யவே நான்கு மாதம் ஆயிற்று. பிளஸ் டூ முடிவு வருவதற்காகக் காத்திருக்கும் நாட்களில் இந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

மருத்துவம்: இங்கேதான் நிற்க வேண்டும்

இரண்டு பரிசோதனைகள் உண்டு. முதலில் இரண்டாம் வகுப்பு, அடுத்து முதல் வகுப்பு. இரண்டாம் வகுப்பை டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவர்களிடம் செய்துகொள்ளலாம். அவர்களின் பட்டியல் இயக்குநரகத்தின் தளத்தில் இருக்கிறது. உள்ளூர் டாக்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்தப் பட்டியலில் அவர் பெயர் இல்லையென்றால் அவர் கொடுக்கும் சான்று செல்லாது. முதல் வகுப்பு இன்னும் கடுமையானது. விமானப்படையின் மருத்துவ மையங்களிலும் அங்கீகாரம் பெற்ற சில மருத்துவமனைகளிலும் நடக்கும். விமானப்படை மையங்களில் நமக்குப் பக்கம் பெங்களூரில் உள்ள வான்வெளி மருத்துவ நிறுவனம்.

கண், காது, இதயம், ரத்தம், சிறுநீர், மார்பு எக்ஸ்ரே எல்லாம் பார்ப்பார்கள். கண்ணாடி போட்டவர்கள் விமானி ஆக முடியாது என்று ஊரில் சொல்வது தவறு. கண்ணாடியோடு பார்வை உரிய அளவுக்கு வந்துவிட்டால் போதும். நிறம் பிரித்தறிவதுதான் வேறு கதை. பல வண்ணப் புள்ளிகளுக்கு நடுவில் மறைந்திருக்கும் எண்ணை வாசிக்கச் சொல்வார்கள். சிவப்பும் பச்சையும் குழம்புகிறவர்களுக்கு அந்த எண் தெரியாது. இது பிறவியில் வருவது, தாய்வழியாக வந்து பெரும்பாலும் ஆண் பிள்ளைகளிடம் வெளிப்படுவது. இருபது வயதுவரை அது இருப்பதே தெரியாமல் வளர்ந்தவர்கள் உண்டு. அன்றாட வாழ்க்கையில் இடிக்காத குறை அது. விமானியின் வேலையில் இடிக்கும்.

நான் பயிற்சிக்குச் சேர்ந்த இடத்தில் ஒருவன் கட்டணத்தில் பாதியைக் கட்டி, அறுபது மணி நேரம் பறந்தும் விட்டான். முதல் வகுப்புப் பரிசோதனையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். நிறத்தில் தடுக்கியது. கட்டிய பணம் திரும்பி வரவில்லை. அதனால்தான் சொல்கிறேன்: முதல் வகுப்புத் தகுதி கைக்கு வரும்வரை எந்தப் பள்ளிக்கும் பெரிய தொகை கட்டாதீர்கள், நிலத்துக்கு முன்பணமும் வாங்காதீர்கள். எடை கூடுதல், ரத்தச் சோகை போன்றவற்றுக்குத் 'தற்காலிகத் தகுதியின்மை' என்று எழுதுவார்கள். சரிசெய்துகொண்டு மறுபடி போகலாம், பயப்பட வேண்டாம்.

தேர்வுகள்

விமான விதிமுறைகள், வழிகாண் முறை, வானிலை, தொழில்நுட்பம் பொது, தொழில்நுட்பம் குறிப்பிட்ட விமானம் என்று தாள்கள். ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் வேண்டும். இவற்றோடு ரேடியோவில் பேசுவதற்கான உரிமத் தேர்வும் தனியாக உண்டு. பறக்கும் பள்ளிக்குப் போன பிறகுதான் படிக்க வேண்டும் என்பதில்லை. கம்ப்யூட்டர் எண் வந்ததும் வீட்டில் இருந்தபடியே படித்து எழுதிவிடலாம். அப்படிச் செய்தால் பள்ளியில் தங்கும் செலவு பல மாதம் குறையும்.

வானிலைத் தாளுக்கு மட்டும் நம் பிள்ளைகள் பயப்படக் கூடாது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது, காற்று அடித்து ஓய்ந்து, கொஞ்ச நேரம் ஊரே அமைதியாகி, பிறகு எதிர்த்திசையிலிருந்து அடித்ததே, நினைவிருக்கிறதா? முதல் காற்றில் சாய்ந்து நின்ற தென்னையை இரண்டாவது காற்று மறுபக்கமாகப் பிடுங்கியது. பாடத்தில் இருப்பதும் அதுதான். வட அரைக்கோளத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் தாழ்வழுத்தம் இடக்கைப் பக்கம் இருக்கும். புயலின் கண் நம்மைக் கடந்துவிட்டால் இடக்கைப் பக்கம் மாறும், காற்றின் திசையும் மாறும். இதைப் புத்தகத்தில் படிப்பவர் மனப்பாடம் செய்வார். ஓட்டுக்கூரை பறந்ததைப் பார்த்தவருக்கு மனப்பாடம் தேவையில்லை.

ஆங்கிலம்

நான் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் வழியில் படித்தவன். ஆங்கிலம் தெரியாதே என்பதுதான் நம் பக்கத்துப் பிள்ளைகளின் முதல் அச்சம். சர்வதேச அளவுகோலில் ஆறு நிலைகள் உண்டு, நான்காம் நிலை போதும். அது இலக்கிய ஆங்கிலம் இல்லை. விமான ரேடியோவில் பேசுவது ஏறக்குறைய தனி மொழி. மூன்றை 'ட்ரீ' என்றும், ஐந்தை 'ஃபைஃப்' என்றும், ஒன்பதை 'நைனர்' என்றும் சொல்ல வேண்டும். இரைச்சலில் ஐந்தும் ஒன்பதும் காதில் ஒன்றாக விழுந்துவிடக் கூடாது என்பதற்காக.

முதல் வாரம் என் பயிற்றுநர் பேனாவால் என் முழங்காலில் தட்டுவார். நான் 'நைன்' என்பேன், தட்டு விழும். 'நைனர்' என்பேன், அடுத்த வாக்கியம். கட்டுப்பாட்டு அறை சொன்ன உயரத்தையும் திசையையும் ஓடுபாதை எண்ணையும் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், ஒரு சொல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. நாதஸ்வர வகுப்பில் குரு வாசித்ததை வாசித்துக் காட்டுவது போலத்தான். ஆறு மாதத்தில் பழகிவிடும். உண்மையில் ஆங்கிலம் அதிகம் தேவைப்படுவது பாடப் புத்தகங்களுக்குத்தான். அதைப் பதினொன்றாம் வகுப்பிலேயே, இயற்பியலை ஆங்கிலப் புத்தகத்தில் ஒருமுறை வாசித்துத் தொடங்கிக்கொள்ளலாம்.

இருநூறு மணி நேரம்

சிபிஎல்லுக்குக் குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் பொறுப்பு விமானியாக. ஊர் விட்டு ஊர் பறத்தல் 20 மணி நேரம். அதற்குள் 300 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 555 கிலோமீட்டர், போகும் வழியில் வேறு இரண்டு விமான நிலையங்களில் இறங்கி ஏறி முடித்த ஒரு பயணம் இருக்க வேண்டும். இரவில் 5 மணி நேரம், பத்து முறை ஏறி இறங்கியிருக்க வேண்டும். வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்துப் பறத்தல் 10 மணி நேரம்.

பள்ளிகளில் பெயர் பெற்றது ரேபரேலி பக்கம் ஃபர்சத்கஞ்சில் உள்ள இந்திரா காந்தி ராஷ்ட்ரீய உரான் அகாடமி, மத்திய அரசின் நிறுவனம், நுழைவுத் தேர்வு உண்டு. தனியார் பள்ளிகள் பல மாநிலங்களில் இருக்கின்றன. டிஜிசிஏ 2025 முதல் பள்ளிகளுக்குத் தரவரிசை வெளியிடுகிறது, அதைப் பாருங்கள். ஆனால் அதோடு நிற்காதீர்கள். நேரில் போய் நான்கு கேள்வி கேளுங்கள். விமானம் எத்தனை என்று கேட்காதீர்கள், இன்று பறக்கும் நிலையில் எத்தனை என்று கேளுங்கள். பயிற்றுநர் எத்தனை பேர்? மாணவர் எத்தனை பேர்? சென்ற ஆண்டு முடித்தவர்களுக்கு எத்தனை மாதம் ஆயிற்று? நான்காவது கேள்விக்கு அலுவலகத்தில் பதில் கிடைக்காது. வாசல் டீக்கடையில் நிற்கும் மாணவர்களிடம் கிடைக்கும். காகிதத்தில் ஒன்றரை ஆண்டு என்று இருப்பது, உதிரிபாகம் வரவில்லை, மூடுபனி, பயிற்றுநர் விலகிவிட்டார் என்று மூன்றாண்டு ஆனதைப் பார்த்திருக்கிறேன். கட்டணத்தை ஒரே தவணையில் கேட்கும் இடத்தில் சேர வேண்டாம் என்பது என் கருத்து.

வெளிநாட்டில் பறந்துவிட்டு வரலாம். இங்கே வந்து உரிமத்தை மாற்றச் சில தேர்வுகளும் பறக்கும் சோதனையும் உண்டு.

உரிமத்துக்குப் பிறகு

சிபிஎல் கிடைத்ததும் ஊரில் பட்டாசு வெடிப்பார்கள். வேலை அதன் பிறகும் தூரத்தில்தான் இருக்கும். இரட்டை எஞ்சின் தகுதி, கருவி வழிப் பறத்தல் தகுதி இரண்டையும் பயிற்சியோடேயே வாங்கிவிட வேண்டும். அதற்கு மேல் 'டைப் ரேட்டிங்': போயிங் 737 என்றால் அதற்கு, ஏர்பஸ் 320 என்றால் அதற்கு என்று விமான வகைக்கொரு பயிற்சி, பெரும்பகுதி சிமுலேட்டரில். எந்த நிறுவனம் எடுக்கும் என்று தெரிவதற்கு முன்பே சொந்தக் காசில் ஏதோ ஒரு வகையை வாங்கி வைத்துவிட்டுத் தவிப்பவர்கள் பலர். அழைப்பு வந்த பிறகு செய்வது நல்லது.

இனி கசப்பான விஷயம். இந்தியாவில் சரக்குக்கென்றே பறக்கும் விமானங்கள் மிகக் குறைவு. 1996 முதல் பறக்கும் புளூ டார்ட் ஏவியேஷனுக்குத் தலைமையகம் சென்னை, அதனிடம் போயிங் 757 சரக்கு விமானங்கள் உண்டு. சென்னையிலிருந்தே இயங்கும் இன்னொன்று ஆஃப்காம். குயிக்ஜெட் இருக்கிறது. இண்டிகோ பயணிகள் விமானமாக இருந்த ஏர்பஸ் 321-ஐச் சரக்குக்கு மாற்றி ஓட்டுகிறது. அவ்வளவுதான் என்று சொல்லிவிடலாம். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்குப் போகும் நம் காய்கறியும் பூவும்கூடப் பெரும்பாலும் பயணிகளின் காலடியில், விமானத்தின் வயிற்றுக்குள்தான் போகின்றன. ஆகவே நேராகச் சரக்கு விமானத்தில் சேர்கிறவர்கள் சிலரே. பலர் முதலில் பயணிகள் விமானத்தில் சில ஆண்டு பறந்து, மணி நேரம் சேர்த்துக்கொண்டு மாறுகிறார்கள். நானும் அப்படி வந்தவன்தான். கேப்டன் ஆக வேண்டுமானால் அடுத்த உரிமம் வேண்டும்: 21 வயது, 1500 மணி நேரம். 65 வயதுக்கு மேல் வணிக விமானத்தில் பறக்க முடியாது.

சரக்கில் என்ன வித்தியாசம்

என் தாத்தா பார வண்டி வைத்திருந்தார். நெல் மூட்டை ஏற்றும்போது வண்டிக்கு முன்னால் வந்து நின்று நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பார். முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்து அழுந்தும். பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே எழும்பிப் பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். ஒரு மூட்டையை ஒரு முழம் முன்னே தள்ளச் சொல்வார், சரியாகிவிடும். நான் ஒவ்வொரு இரவும் கையெழுத்துப் போடும் எடைத்தாள் அந்த நுகத்தடிதான். சரக்கை அடுக்கிக் கட்டும் எந்தப் பலகையில் எத்தனை கிலோ, எந்த இடத்தில் பூட்டப்பட்டிருக்கிறது, எல்லாம் சேர்ந்து எடையின் மையம் எங்கே விழுகிறது. பயணிகள் தாங்களே நடந்து வந்து உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொள்வார்கள். பெட்டி போட்டுக்கொள்ளாது.

2013 ஏப்ரல் 29 அன்று ஆப்கானிஸ்தானின் பக்ராமில் ஒரு போயிங் 747 சரக்கு விமானம் மேலெழும்பிய சில நொடிகளில் விழுந்தது. உள்ளே இருந்த கனத்த ராணுவ வண்டி ஒன்று கட்டு விட்டுப் பின்னால் உருண்டு, வாலை இயக்கும் பாகங்களை உடைத்துவிட்டது. ஏழு பேர் இறந்தார்கள். 2010 செப்டம்பர் 3 அன்று துபாயிலிருந்து கிளம்பிய இன்னொரு 747-இல், லித்தியம் பேட்டரிகள் இருந்த சரக்கில் தீப்பிடித்து விமானிகள் இருவரும் இறந்தார்கள். ஆபத்தான சரக்கு பற்றிய பயிற்சியை வெறும் சடங்காக நினைக்கிறவர்களுக்கு இந்த இரண்டையும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். பேட்டரி, பெயிண்ட், உலர்பனிக்கட்டி, மருத்துவமனைக்குப் போகும் கதிரியக்கப் பொருள், எது எந்த இடத்தில் இருக்கிறது என்று ஒரு தாள் தருவார்கள். அதை வாசிக்காமல் கதவை மூட விடக் கூடாது.

அடுத்தது இரவு. 1973 ஏப்ரல் 17 அன்று அமெரிக்கப் பார்சல் நிறுவனமான ஃபெடெக்ஸ் தன் முதல் இரவில் 14 சிறு விமானங்களில் 186 பொட்டலங்களைக் கொண்டுபோனது. மாலையில் சேகரி, நள்ளிரவில் ஓரிடத்தில் கொட்டிப் பிரி, விடியலில் கொண்டுபோய்ச் சேர் என்ற அந்த முறைதான் இன்றும் உலகமெங்கும். எனவே விமானியின் நாள் இரவு பத்து மணிக்குத் தொடங்கும். அதிகாலை இரண்டு மணி முதல் ஆறு மணிவரை உடம்பு தூங்கத் துடிக்கும் நேரம், நாம் இறங்கும் நேரமும் அதுவே. ஓய்வு விதிகள் இருக்கின்றன. ஆனால் எல்லா நாட்டிலும் எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. அமெரிக்காவில் 2014-இல் வந்த புதிய ஓய்வு விதிகள் பயணிகள் விமானிகளைத்தான் கட்டாயப்படுத்தின, சரக்கு விமானிகளை விட்டுவிட்டன. பகலில் வீட்டில் பிள்ளைகள் விளையாட, வாசலில் மீன்காரர் கூவ, தூங்கத் தெரிந்திருக்க வேண்டும். இதை எந்தத் தேர்விலும் கேட்க மாட்டார்கள். நான் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி தைத்துப் போட்டிருக்கிறேன்.

பணிப்பெண் கிடையாது, காபி நாமே போட்டுக்கொள்ள வேண்டும். கைதட்டுகிறவர்களும் இல்லை. எனக்குப் பிடித்ததே அதுதான்.

பணம்

உரிமம் வரை 50 லட்சம் ரூபாய்க்குக் குறையாது. கூடவே செய்யும். டைப் ரேட்டிங் சொந்தச் செலவென்றால் இன்னொரு 15 லட்சமோ அதற்கு மேலோ. கல்விக்கடன் உண்டு. ஆனால் இவ்வளவு பெரிய தொகைக்கு ஈடு கேட்பார்கள். பல வங்கிகள் விவசாய நிலத்தை ஈடாக ஏற்பதில்லை, மனைக்கட்டோ வீடோ வேண்டும். பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கும் குடும்பங்கள் நம்மிடம் ஏராளம். அதை மாற்ற இப்போதே தாலுகா அலுவலகம் போகத் தொடங்குங்கள். பட்டியல் சாதி மாணவர்களுக்கான மத்திய அரசின் உயர்கல்வி உதவித்தொகைத் திட்டத்தில் வணிக விமானி உரிமப் பயிற்சியும் சேர்ந்திருக்கிறது. மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் கேட்டால் விவரம் கிடைக்கும்.

பயிற்சி முடித்து வேலைக்கு ஓரிரு ஆண்டு காத்திருக்க நேரும் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள். வட்டி அந்த ஆண்டுகளிலும் ஓடும்.

நீடாமங்கலத்து மாமா ஆனி மாதம் போன் செய்தார். இரண்டாம் வகுப்பு மருத்துவத்தில் பையன் தேறிவிட்டான். லேசான கிட்டப்பார்வை, கண்ணாடி போட்டுக்கொண்டு பறக்க வேண்டும், மாற்றுக் கண்ணாடி ஒன்றும் எப்போதும் கையில் இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். "ஒரே மூக்குக்கு எதற்குத் தம்பி இரண்டு கண்ணாடி?" என்றார். விதி அப்படி என்றேன். குறுவை நடவு முடியட்டும், கும்பகோணம் போய் வாங்கித் தருகிறேன் என்றார். பெங்களூர்ப் பரிசோதனைக்கு நாள் கேட்டு விண்ணப்பித்தாயிற்றா என்றேன். அதைப் பையனிடம் கேட்டுச் சொல்வதாகப் போனை வைத்தார்.